வெள்ளிக்கிழமைப் பேய்க்கு என் வக்காலத்து

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய மாப்பிள்ளைக்கு, உங்கள் அத்தை எழுதுவது.

இங்கே நான் நலம். உங்கள் வலது கணுக்காலின் வீக்கம் வடிந்து வருவதாக மகள் சொன்னாள், மகிழ்ச்சி. காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கச் சொல்லி மருத்துவர் உத்தரவாம். அவர் சொன்னபடியே இருங்கள். இந்தக் கடிதத்தைப் பாதியில் போட்டுவிட்டு எழுந்து போக முடியாத நிலையில் நீங்கள் இருப்பது உங்களுக்கு வேதனையாக இருக்கலாம். எனக்கு வசதியாக இருக்கிறது.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். தொலைபேசியில் நீங்கள் "சரி அத்தை, சரி அத்தை" என்று சொல்லிக்கொண்டே கணினியில் தட்டுவது எனக்குக் கேட்கிறது. காதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. கடிதத்தின் நடுவே புகுந்து யாரும் "சரி அத்தை" சொல்ல முடியாது என்பதால் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வார இதழின் தொலைக்காட்சிப் பக்கத்தில் "முன்பு வைத்திருந்தவர்" என்ற தொடரைப் பற்றி நீங்கள் எழுதிய விமர்சனத்தைப் படித்தேன். ஒரு முறை சும்மா படித்தேன். மறுமுறை கையில் சிவப்புப் பென்சிலோடு படித்தேன். "மேசை நாற்காலிகளைக் கண்டு நம்மைப் பயப்படச் சொல்கிறார்கள். இந்தத் தொடரை மேசை நாற்காலிகள் மட்டும்தான் உட்கார்ந்து பார்க்கும்" என்று முடித்திருக்கிறீர்கள். எழுதிவிட்டு நீங்களே சிரித்திருப்பீர்கள். அது உங்கள் வழக்கம். வெள்ளிக்கிழமை மாலைகளில் முகம் கழுவி, தலைவாரி, வாசல் கதவைத் தாழிட்டு, ஒரு வாரமும் தவறாமல் அந்தத் தொடரைப் பார்ப்பவள் நான். உங்கள் கணக்கில் நான் மேசையா, நாற்காலியா என்பதை மட்டும் தெரிவித்தால் நன்றாக இருக்கும்.

நீங்கள் தொடரை முழுதாகப் பார்க்கவில்லை என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. "பழைய சாமான் கடை நடத்தும் பெண்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் கடை நடத்தவில்லை. காப்பீட்டு நிறுவனத்தில் சேதம் மதிப்பிடுகிற ஆய்வாளர். தட்டைச் செருப்பு, மடக்குக் குடை, ஒரு கைப்பை. ஒரு வீட்டில் தீப்பிடித்தால், மாடி இடிந்தால், நன்றாக இருந்தவர் படுக்கையில் விழுந்தால், இழப்பு எவ்வளவு என்று பார்க்க வருவாள். கதவைத் தட்டி, திறக்கும்வரை காத்து நிற்பாள். எல்லா அறைகளையும் பார்ப்பாள். கடைசியில் ஏதோ ஒரு பழம்பொருளின் முன் வந்து நிற்பாள். அது ஒரு கிண்ணமாக இருக்கும், அல்லது கைத்தடியாக இருக்கும். நின்று, தணிந்த குரலில், "இதை முன்பு வைத்திருந்தவர் யார்?" என்று கேட்பாள். அவ்வளவுதான். வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிடும். என் முதுகுத்தண்டில் ஐஸ்கட்டி இறங்கும். உங்களுக்கு இறங்கவில்லை என்றால் அந்த நேரத்தில் நீங்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று பொருள்.

பேய் கண்ணில் படவே இல்லை என்பது உங்கள் குறை. பேய் எதற்குக் கண்ணில் பட வேண்டும்? மற்ற தொடர்களில் பேய் வருகிறது, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தலைவிரித்துக்கொண்டு கதவை அறைகிறது, பின்னணியில் பாத்திரக்கடையைக் கவிழ்த்ததுபோல் சத்தம். கான்வென்டில் எங்களுக்குப் பாடம் எடுத்த தலைமைச் சகோதரி, கதவை அறைந்து சாத்துகிற பெண்ணுக்குச் சொல்ல விஷயம் எதுவும் இல்லை என்று பொருள் என்பார். பேய்க்கும் அதே சட்டம்தான். இந்தத் தொடரில் வரும் தையல் மெஷின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். குடியிருந்த ஒரு தையல்காரியைக் காலி செய்ய வைத்துவிட்டு, அவள் மெஷினை வீட்டுக்காரி எடுத்து வைத்துக்கொள்கிறாள். அது மதிய வேளையில் தானாக ஓடுகிறது. ஓடி என்ன செய்கிறது என்றால், வெள்ளைத் துணியில் உடுப்புத் தைக்கிறது. வீட்டில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒன்று. யாரிடமும் அளவு எடுக்கவில்லை, அத்தனையும் கச்சிதமாகப் பொருந்துகிறது. இதில் எங்கே பேயைக் காட்டுவது? காட்டினால் அந்தப் பேய்க்குத்தான் அவமானம்.

மெதுவாகப் போகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். மெதுவாகப் போகவில்லை, மனிதர்கள் வாக்கியத்தை முடித்துவிட்டுப் பேசுகிறார்கள். உங்களுக்குப் பழக்கம் விட்டுப்போயிற்று. அப்புறம் அந்தச் சரடு. அலமாரிக் கதவு தானாகத் திறக்கும் காட்சியில் சரடு தெரிந்தது என்று ஒரு பத்தி முழுக்கக் கேலி செய்திருக்கிறீர்கள். தெரிந்தது, நானும் பார்த்தேன், புரை எடுத்த கண்ணுக்கே தெரிந்தது. ஆனால் அந்தச் சரட்டுக்கு அலமாரியின் பழுப்பு நிறத்தில் சாயம் போட்டிருந்தார்கள் மாப்பிள்ளை. யாரோ ஒருவர் உட்கார்ந்து, நிறத்தைக் கலந்து, நனைத்து, காய வைத்திருக்கிறார். கையில் காசு இல்லாதவர்கள் மரியாதையாக வேலை செய்தால் அப்படித்தான் இருக்கும். உங்களுக்குச் சரடு தெரிந்தது, சாயம் தெரியவில்லை. விமர்சகருக்கு இது அழகல்ல என்பதை வயதில் மூத்தவள் என்ற முறையில் சொல்லிவைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலே, "மூடநம்பிக்கை" என்று ஒரு வார்த்தை. அந்தத் தொடரில் யாரும் மந்திரம் ஓதவில்லை, யாரும் எலுமிச்சம்பழம் உருட்டவில்லை. எந்தப் பொருளும் பிறக்கும்போதே சாபத்தோடு பிறக்கவில்லை. உடையவரைக் கேட்காமல் எடுத்த பொருள்தான் அங்கே சபிக்கப்பட்ட பொருள். வேறு எதுவும் இல்லை. கேட்காமல் எடுத்தவன் கெடுகிறான்; திருப்பிக் கொடுத்ததும் நிற்கிறது; ஆய்வாளர் அறிக்கை எழுதிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். இதைவிட ஒழுங்கான உலகத்தை நான் தொலைக்காட்சியில் வேறெங்கும் பார்த்ததில்லை. செய்திகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

"கேட்காமல் எடுத்தவன்" என்ற இடத்தில் உங்களுக்கு லேசாகத் தொண்டை அடைத்திருக்கும். தண்ணீர் குடித்துவிட்டு மேலே படியுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் என்ன நடந்தது என்பதை மகள் உங்களிடம் அவள் பாணியில் சொல்லியிருப்பாள். நடந்தது நடந்தபடி நான் சொல்கிறேன். முந்தின நாள் தொலைபேசியில் அவள், "அம்மா, நாளைக்கு ஒருத்தர் வருவாரு. சும்மா பார்த்துட்டுப் போயிடுவாரு" என்றாள்.

"எதைப் பார்க்க?"

"சாமானை."

"யாரோட சாமானை?"

"அம்மா, ஆரம்பிக்காத."

நான் ஆரம்பிக்கவில்லை. ஆரம்பித்தவர்கள் நீங்கள் இருவரும். உங்கள் வீட்டில் இஸ்திரிப் பலகை நிற்கும் அந்தச் சின்ன அறையில் எனக்குக் கட்டில் போடுவதாகத் திட்டம். என் நாற்காலி அந்த அறை வாசலில் நுழையாது என்று நாடா வைத்து அளந்து பார்த்ததும் நீங்கள்தானாம். நாற்காலி நுழையவில்லை என்றால் நாற்காலியை விற்றுவிடுவது. கூடவே நிலைக்கண்ணாடி அலமாரியையும் சுவர்க் கடிகாரத்தையும் விற்றுவிடுவது. வீடு காலியானால் அம்மா தானாகக் கிளம்பிவிடுவாள். நல்ல திட்டம்தான். ஒரே ஒரு ஆளிடம் கேட்க மறந்துவிட்டீர்கள். அந்த ஆள் நான்.

வியாபாரி வந்தார். கழுத்தில் அளவுநாடா, சட்டைப் பையில் டார்ச் விளக்கு. வந்ததும் வணக்கம் எனக்குச் சொல்லவில்லை, அலமாரிக்குச் சொன்னார் என்றே வைத்துக்கொள்ளலாம். நேராக அதனிடம் போய் விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். பின்னாலேயே சாமான் தூக்குகிறவர், கதவுநிலையில் தலை இடிக்கிற உயரம், மூட்டை தூக்கியே அகன்ற தோள். அவர்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்த மகள் தேநீர் கொடுத்தாள். வியாபாரி குடித்துவிட்டு ஈரக் கோப்பையை மெருகு போட்ட மேசைமேல் வெறுமே வைத்தார். நான் அதை எடுத்து அடியில் தட்டு வைத்தேன். மறுபடி குடித்துவிட்டு மறுபடி தட்டுக்கு வெளியே வைத்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இவருக்கும் எனக்கும் ஒத்துவராது.

"நல்ல மரம்மா" என்று என் கைவைத்த நாற்காலியைத் திருப்பி அதன் அடியில் டார்ச் அடித்தார். ஒருவர் நாற்காலியின் அடியைப் பார்ப்பது அவ்வளவு நாகரிகமாக எனக்குப் படவில்லை. "எத்தனை காலத்துச் சாமான் இது?"

"அதை முன்னாடி வச்சிருந்தவர் யாருன்னு கேக்க மாட்டீங்களா?" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடிவரை என் மனதில் ஒரு திட்டமும் இல்லை. வாரம் தவறாமல் கேட்ட வசனம், வாயில் வந்துவிட்டது. ஆனால் வந்த குரல் இருக்கிறதே, அது ஆய்வாளர் குரல். தணிந்து, பக்கத்து அறைக்குக் கேட்காத குரல். சாமான் தூக்குகிறவர் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

வியாபாரி சந்தோஷமாக, "சொல்லுங்கம்மா, கதை இருந்தா விலை ஏறும்" என்றார்.

மாப்பிள்ளை, நான் பொய் சொல்கிறவள் அல்ல. அன்றும் ஒரு பொய் சொல்லவில்லை. தொடர் எனக்குக் கற்றுக்கொடுத்தது பொய் அல்ல. சரியான இடத்தில் நிறுத்துவது.

"என் வீட்டுக்காரரோட தாத்தா இதுலதான் உட்காருவாரு" என்றேன். "அவர் இறந்துட்டாரு."

"ம்."

"அப்புறம் அவர் மகன் உட்கார்ந்தாரு. என் மாமனார். அவரும் இறந்துட்டாரு."

வியாபாரி டார்ச்சை அணைத்தார்.

"அப்புறம் என் வீட்டுக்காரர் உட்கார்ந்தாரு" என்று சொல்லிவிட்டு, சுவரில் இருந்த அவர் படத்தைப் பார்த்தேன். மேலே ஒன்றும் சொல்லவில்லை. மூவரும் எந்த வயதில் போனார்கள் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மூவருமே பல் விழுந்து, கொள்ளுப்பேரன் பேத்தி எடுக்கிற வயதை எட்டிப் பிடித்தவர்கள். கேட்கவில்லை. கேட்காததற்கு நான் பொறுப்பில்லை.

வியாபாரி நாற்காலியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுக் கடிகாரத்தின் பக்கம் போனார். "இது ஓடலையா?"

"அது நின்னுடுச்சு. யாரும் கை வைக்கல. தானா நின்னுச்சு."

இதுவும் உண்மை. யாரும் கை வைக்காததால்தான் நின்றது. சாவி கொடுக்க என் தோள்பட்டை எழும்புவதில்லை.

"எப்ப நின்னுச்சு?" என்று கேட்டவர் வியாபாரி அல்ல, தூக்குகிறவர்.

"என் வீட்டுக்காரர் போன அப்புறம்" என்றேன். அவர்தான் சாவி கொடுப்பார்.

தூக்குகிறவர் கையில் இருந்த கயிற்றைக் கீழே போட்டார். "அண்ணே, எனக்கு இது சரியாப் படல."

"நீ சும்மா இரு" என்றார் வியாபாரி. ஆனால் அவர் நிலைக்கண்ணாடி அலமாரியின் முன்னால் போய் நேராக நிற்கவில்லை, பக்கவாட்டில் நின்றார். "அம்மா, இதுல ஒண்ணும் கிடையாதுல்ல?"

"ஒண்ணுமில்ல. என் நாத்தனார் ஒரு நாள் காலையில இதுக்கு முன்னாடி நின்னு தலைவாரிட்டு வெளிய போனா." நான் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு சொன்னேன். "அதுக்கப்புறம் அவ இந்த வீட்டுக்குத் திரும்பி வரவே இல்ல."

என் நாத்தனார் அன்று ஒரு கால்நடை மருத்துவரைக் கல்யாணம் செய்துகொண்டு போனவள். என் மாமனாரோடு பேச்சு முறிந்ததால் திரும்பி வரவில்லை. இன்றைக்கும் ஐந்து நாயும் ஒரு கழுதையுமாக வாரத்துக்கு ஒரு முறை தொலைபேசியில் என் காதைக் கிழிக்கிறாள். இதையும் யாரும் கேட்கவில்லை.

தூக்குகிறவர் இரண்டடி பின்னால் போனார். "அண்ணே, வெள்ளிக்கிழமை போடுறாங்களே, முன்பு வைத்திருந்தவர், அதுல இதே மாதிரி கண்ணாடி வந்துச்சு. எங்க வீட்ல எல்லாரும் பார்க்கிறோம். எங்க மாமியார் அதைப் பார்த்துட்டு வாங்கின பழைய பீரோவைத் திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டாங்க."

இந்த இடத்தைச் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடிட்டு அனுப்புகிறேன். "எல்லாரும் பார்க்கிறோம்." இவர்களில் யார் மேசை, யார் நாற்காலி?

மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அம்மா, போதும். நடிக்காத."

"நான் எங்க நடிச்சேன்? சொன்னதுல எது பொய்யின்னு சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். தாத்தாவை யோசித்தாள், கடிகாரத்தை யோசித்தாள், தன் அத்தையை, அதாவது என் நாத்தனாரை யோசித்தாள். வாயை மூடிக்கொண்டாள். பிறகு உங்கள் மனைவிக்கே உரிய வேகத்தோடு, "இப்ப என்ன, நான் உட்காருறேன். எல்லாரும் பாருங்க" என்று விறுவிறுவென்று வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கைகளை இரண்டு பக்கமும் விரித்து, "என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல இல்ல?" என்றாள்.

அப்போதுதான் அவள் கைப்பேசி அடித்தது.

அவள் எப்போதும் ஊருக்கே கேட்கிற மாதிரிதான் கைப்பேசியை வைப்பாள் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் குரல் அறை முழுக்கக் கேட்டது. "ஏய், மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டேன். கால் வீங்குது. அந்த ஐஸ் பை எங்க வச்சிருக்க?"

"எப்ப விழுந்தீங்க?"

"இப்பதான். இதோ, இந்த நிமிஷம்."

மாப்பிள்ளை, தொலைக்காட்சியில் நான் பார்த்த எந்த நடிகரும் அவ்வளவு பொருத்தமான நேரத்தில் நுழைந்ததில்லை. வலியில் நீங்கள் விட்ட அந்த முனகல்கூட அளவாக இருந்தது. சரடும் தெரியவில்லை. தூக்குகிறவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டதை என் கண்ணால் பார்த்தேன். "தாத்தா, மகன், பேரன், இப்ப மாப்பிள்ளை" என்றார். அடுத்த விரலை மடக்கவில்லை. வாசல் பக்கம் போய்விட்டார். வெளியே வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மகள் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. பெற்றவள் சில விஷயங்களை மனதோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

வியாபாரி இத்தனை நேரம் எனக்குச் சொல்லாத வணக்கத்தைக் கைகூப்பிச் சொன்னார். "அம்மா, பணம் பெரிசில்ல. ஒரு பேச்சுக்குச் சொல்றேன், இதெல்லாம் இங்கயே இருக்கட்டும். இருக்கிற இடத்துல இருந்தா யாரையும் ஒண்ணும் செய்யாது. வெளிய மட்டும் அனுப்பிடாதீங்க."

தொடரில் ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஆய்வாளர் அறிக்கையில் எழுதுகிற வரி கிட்டத்தட்ட இதுதான். என் வீட்டுச் சாமானை வாங்க நீங்கள் அனுப்பிய மனிதரே, அதை விற்க வேண்டாம் என்று என்னிடம் கெஞ்சிவிட்டுப் போனார். போகும்போது தம் தேநீர்க் கோப்பையைத் தட்டின் நடுவில் சரியாக வைத்துவிட்டுப் போனார் என்பதையும் குறிப்பிட விரும்புகிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை மகள் தனியாக வந்தாள். வரும்போதே, "இன்னிக்கு அந்தத் தொடர் இருக்கா?" என்றாள், யாரோ கேட்கச் சொன்னதுபோல. இருக்கிறது என்றேன். நாற்காலியில் நான் உட்கார்ந்தேன், அவள் கீழே கம்பளத்தில் என் முழங்காலில் சாய்ந்து உட்கார்ந்தாள். அன்றைய கதை ஒரு மூக்குக்கண்ணாடியைப் பற்றியது. வயதான தகப்பன் மருத்துவமனையில் இருக்கும்போதே பிள்ளைகள் அவர் வீட்டைச் சாமானோடு விற்றுவிடுகிறார்கள். புதிதாக வந்தவன் மேசை இழுப்பறையில் கிடந்த மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்க்கிறான். போட்டால், எந்த அறையைப் பார்த்தாலும் அங்கே ஒரு பெரியவர் எதையோ தடவித் தடவித் தேடிக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான் பேய். அவர் யாரையும் கழுத்தை நெரிக்கவில்லை. கண்ணாடியைத் தேடுகிறார், கிடைக்கவில்லை.

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விளம்பரம் வந்தபோதும் விடவில்லை. முடிந்த பிறகு தொலைக்காட்சியிலிருந்து திரும்பாமலே, "உன்னைக் கேட்டிருக்கணும்மா" என்றாள்.

"கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பேன்."

"தெரியும். அதனாலதான் கேக்கல."

"முடியாதுன்னு சொல்றதுக்காவது ஒரு வாய்ப்புக் குடுத்திருக்கணும். இது என் வீடு. இதுல இன்னும் ஆள் இருக்கேன்."

இதைச் சொல்லும்போது என் குரல் நான் நினைத்தபடி வரவில்லை. அவள் எழுந்து, ஒரு முக்காலியைப் போட்டு ஏறி, கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தாள். அது ஓடியது. இருவருமே ஒரு கணம் திடுக்கிட்டோம் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே, முடிவு இதுதான். நான் என் வீட்டில்தான் இருப்பேன். சாமான்கள் அங்கங்கே இருக்கும். உங்கள் இஸ்திரிப் பலகை அதன் அறையில் நிம்மதியாக நிற்கலாம். என் மகளை, அதாவது உங்கள் கட்சியின் ஒரே உறுப்பினரை, ஒரு நாற்காலியும் ஒரு மூக்குக்கண்ணாடியும் என் பக்கம் கொண்டுவந்துவிட்டன. யாரும் பார்க்காத தொடர் என்று நீங்கள் எழுதியது சாமான் வியாபாரத்தையே ஒரு காலை நேரத்துக்கு நிறுத்திக் காட்டிவிட்டது. பெயர் பெற்ற வேறு எந்தத் தொடர் இப்படி ஒரு வேலையைச் செய்து கொடுத்தது என்று உங்கள் இதழிலேயே கேட்டு எழுதுங்கள். எழுதத்தான் போகிறீர்கள், இரண்டாவது விமர்சனம் ஒன்றை உங்களிடமிருந்து எதிர்பார்க்கிறேன். ஆய்வாளர் கடை நடத்தவில்லை என்பது முதல் வரியில் வர வேண்டும். சாயத்தைப் பற்றி ஒரு வரியாவது வர வேண்டும். "மூடநம்பிக்கை" என்ற சொல் வரவே கூடாது, குறைந்தது உங்கள் கால் சரியாகும்வரை. எழுதி முடித்ததும் அச்சுக்குக் கொடுக்குமுன் எனக்கு அனுப்பினால் பார்த்துத் திருத்தித் தருகிறேன். பென்சில் சீவி வைத்திருக்கிறேன்.

உங்கள் கால் விரைவில் தரையில் ஊன்றி நடக்கட்டும். உங்கள் பேனாவும் அப்படியே. நீங்களும் மகளும் நீண்ட காலம் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு, அதாவது எதையும் செய்யுமுன் கேட்டுக்கொண்டு, நிறைவாக வாழ மனமார ஆசீர்வதிக்கிறேன்.

என்றும் உங்கள் நலம் விரும்பும்,
அத்தை

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் இதையும் எழுத வேண்டியிருக்கிறது. இன்று காலை யாரோ கதவைத் தட்டினார்கள். திறக்கும்வரை காத்திருந்தார்கள். ஒரு பெண், உங்கள் வயதுதான் இருக்கும். அந்தத் தொடரின் படப்பிடிப்புக்குச் சாமான் சேகரிக்கிறவளாம். நம் வியாபாரி இவர்களுக்கும் சாமான் கொடுக்கிறவர்; அவர்தான் என் வீட்டைப் பற்றி மூச்சு விடாமல் சொல்லியிருக்கிறார். "நீங்க குடுத்தே ஆகணும்னு இல்லம்மா. கேட்டுப் பார்க்கலாம்னு வந்தேன். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க, போயிடுறேன்" என்றாள். நான் முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இத்தனை வருடத்தில் அந்த நாற்காலியைத் தருவீர்களா என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கொடுத்துவிட்டேன். நாற்காலி, அலமாரி, கடிகாரம், மூன்றும் மதியமே வண்டியேறிவிட்டன. ஆகவே சாமான்கள் அங்கங்கே இருக்கும் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். தொடர் முடியும்வரை அவை அங்கே நடிக்கும். என் நாற்காலிக்கு ஒரு முழுக் கதை கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். அதை நீங்கள் கேலி செய்து எழுதினால் குடும்ப உறுப்பினர் ஒருவரைக் கேலி செய்ததாகவே எடுத்துக்கொள்வேன்.

இதில் ஒரே சங்கடம், வெள்ளிக்கிழமை மாலை உட்கார்ந்து பார்க்க இங்கே எனக்குத் தகுந்த நாற்காலி இல்லை. நீங்கள் விமர்சனம் எழுதும்போது உட்காருகிற அந்தச் சுழல் நாற்காலி முதுகுக்கு இதமாக இருக்கும் என்று மகள் சொல்கிறாள். இனி வெள்ளிக்கிழமைதோறும் அதில் உட்கார்ந்து பார்க்க உங்கள் வீட்டுக்கு வரலாமா? முறைப்படி கேட்கிறேன். பதில் எழுதிச் சிரமப்பட வேண்டாம், வந்து தெரிந்துகொள்கிறேன்.